அரசாங்கக் காசு ஒட்டாத ராக்கெட்

அமெரிக்காவில் தனியார் விண்கலத்துக்குப் பரிசு என்று பேப்பரில் அடிபட்ட 2004இல், நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனிக்காரர்கள் நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஆயிரம் அடி ஏறும் ராக்கெட்டுக்கு ஒரு லட்சம் என்று எங்கள் சங்கத்தில் அறிவித்துவிட்டோம். நிபந்தனை மட்டும் அவர்களைப் பார்த்து வைத்தது: வடிவமைப்பில் அரசாங்கப் பணம் ஒரு பைசா கலந்திருக்கக் கூடாது.

வந்தவை இரண்டே விண்ணப்பங்கள். சாயப்பட்டறை தமிழ்செல்வனின் ராக்கெட் பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் போய் மாட்டிக்கொண்டது. அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருக்கும் திருமூர்த்தியுடையது, நூல் சுற்றி வரும் அட்டைக் கோன்களை ஒட்டித் துணி தைத்துப் போர்த்தியது, ஆயிரத்து இருநூறு அடி போனது. எனக்கு வயிறு எரிந்தது. என் மனு பதினோரு மாதமாக அவர் மேஜையில் கிடந்தது.

பரிசளிப்பு நாளில் தமிழ்செல்வன் எழுந்தார்.

“ஏனுங்க, இவரு ஆபீசுல ஒரு பைல்கூட நகத்தறதில்லீங்க. அப்பப் பகலெல்லாம் என்ன பண்றாரு? ராக்கெட்டுத்தான் வரைஞ்சிருக்கோணும். அரசாங்கச் சம்பளத்துல வரைஞ்சது செல்லாதுங்க!”

திருமூர்த்திக்குப் பரிசை விட மனம் வரவில்லை.

“சத்தியமா ஆபீசுல ஒரு கோடுகூடப் போடலீங்க. அங்க நான் தூங்கீருவனுங்க.”

சங்கத் தலைவர் சாமியப்பன் சாட்சி கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் கை தூக்கினோம். “மூணு தடவ போனனுங்க, மூணு தடவையும் குறட்டைங்க” என்றேன் நான். இத்தனை சந்தோஷமாக நான் உண்மை பேசியதே இல்லை.

“அப்ப ஊட்ல வெச்சு வரைஞ்சீங்களாக்கும்?” என்றார் சாமியப்பன்.

“ஆமாங்க.”

“ஊட்லயும் தூக்கந்தானுங்க” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. திருமூர்த்தியின் மனைவி சித்ரகலா. ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்ட அளவு வரையும் பேட்டர்ன் மாஸ்டர். “வரைஞ்சது நானுங்க. பேரு மட்டும் அவரு போட்டுக்கிட்டாரு. விண்ணப்பத்துல இருக்கற படத்தைப் பாருங்க, சுத்தியும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டிருக்கறேன்.”

எட்டிப் பார்த்தோம். விட்டிருந்தது. வருடம் முழுக்கப் பனியன் தைக்கிற எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தமிழ்செல்வன் விடவில்லை. “அப்பவும் செல்லாதுங்க! இவங்க சாப்புடறது அவரு சம்பளத்துலதானுங்களே? அதும் அரசாங்கப் பணந்தானுங்க!”

சித்ரகலா எழுந்து நின்றார். “அவரு சம்பளம் அவரு லோனுக்கே பத்தறதில்லீங்க. பதினாறு வருசமா இந்த அரசாங்க ஊழியருக்குச் சோறு போடறதே என்னோட கம்பெனிச் சம்பளந்தானுங்க.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சாமியப்பன் விண்ணப்பத்தில் பெயரை அடித்து, சித்ரகலா என்று எழுதி, பரிசை அவர் கையில் கொடுத்தார். ஆபீசில் தூங்குவதை ஊரறிய ஒப்புக்கொண்டதுதான் திருமூர்த்திக்கு மிச்சம்.