ஏழு மணிச் செய்தியில் ஒரு கால்

நெய்வேலியில் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டே சாதி. ஒன்று பர்மனென்ட், இன்னொன்று கான்ட்ராக்ட். மலர்விழியின் புருஷன் சிங்காரவேலு பதினாறு வருடமாக இரண்டாவது சாதி. போன மாதம் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டில் அவன் வலது கால் சிக்கிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் கூசாமல் ஒரு கதை சொன்னான். அன்றைக்கு சிங்காரவேலு ஷிப்ட்டிலேயே இல்லையாம், குடித்துவிட்டு எங்கேயோ பைக்கில் விழுந்தானாம். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அந்த ஒரு நாள் மட்டும் அவன் பெயரைக் காணோம்.

பக்கத்தில் நின்று பார்த்தவன் ஒரே ஆள், கிளமென்ட். அவனும் கான்ட்ராக்ட்தான். நாளைக் காலை பத்து மணிக்கு நஷ்டஈட்டு விசாரணை. கிளமென்ட் வந்து வாயைத் திறந்தால் சிங்காரவேலு தொழிலாளி, திறக்காவிட்டால் குடிகாரன். மலர்விழிக்கு வேறு சாட்சியே கிடையாது.

கிளமென்ட் நல்லவன், ஆனால் பயந்தாங்கொள்ளி. எப்படியோ மனசைத் திடப்படுத்திக்கொண்டு டிவி கேமராவுக்கு முன்னால் நின்று, "எம் பக்கத்துலதாங்க நின்னுகினு இருந்தாரு. நாந்தான் கயித்த இழுத்து பெல்ட்ட நிறுத்துனேன்" என்று சொல்லிவிட்டான். சொன்ன கையோடு மலர்விழியிடம் ஒரு நிபந்தனையும் போட்டான்.

"டிவியில வந்துட்டா ஊரே பாத்துடும்க்கா. அப்புறம் எம்மேல எவனும் கை வெக்க மாட்டான். வரலேன்னா மட்டும் என்னைக் கூப்புடாதீங்க."

படம் பிடித்துப் போன நிருபர் சிவசங்கர், இன்று ஏழு மணிச் செய்தியில் கட்டாயம் வருகிறது என்று அடித்துச் சொல்லியிருந்தான். கிளமென்ட் குடியிருந்தது மாமனார் தைரியநாதனின் குவார்ட்டர்ஸில். மலர்விழி ஆறரைக்கே அங்கே வந்து அவனோடு உட்கார்ந்துவிட்டாள். தைரியநாதன் பர்மனென்ட். தைரியமெல்லாம் பெயரோடு சரி. "எனக்கு ரிட்டயருக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது, எங்க வூட்டுல வெச்சா இதெல்லாம் பாக்கணும்?" என்று முனகிக்கொண்டே டிவியைப் போட்டார்.

ஏழு மணிக்கு இசை முழங்கியது. திரையில் கொட்டை எழுத்தில் விழுந்தது: "காலில் காயம்! ஒப்பந்தம் என்ன ஆகும்? சற்று நேரத்தில்."

வேறு ஊர்க்காரர்கள் இதை எப்படிப் படித்திருப்பார்களோ தெரியாது. நெய்வேலியில் ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு இரண்டாவது அர்த்தம் இல்லை. கிளமென்ட் துள்ளி எழுந்தான்.

"நம்மளுதுதாங்க்கா! தலைப்பே நம்மளுதுதான்!"

மலர்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்த புருஷனுக்குப் போன் போட்டாள். "வார்டுல டிவி போடச் சொல்லுங்க. மொத செய்தியே நீங்கதான்."

ஆறு விளம்பரம் ஓடி முடிந்த பிறகு வந்தது ஒரு கிரிக்கெட் நட்சத்திரம். முந்தின நாள் பந்தைத் துரத்தி ஓடியபோது அவனுக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டதாம். அணியோடு போட்ட ஒப்பந்தம் என்ன ஆகுமோ என்று செய்தி வாசித்தவள் எழவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். கணினியில் வரைந்த கால் ஒன்று திரையில் சுழன்றது. எந்த நரம்பு எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள், ஒரு எலும்பு டாக்டர், பதினெட்டு நிமிடம். இடையில் வந்த விளம்பரத்தில் அதே நட்சத்திரம், ஏதோ ஆன்லைன் விளையாட்டுக்காக, அதே காலை வீசி வீசி ஆடினான்.

ஒரே ஒரு தடவை திரையின் அடியில், "நெய்வேலி சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி" என்று எழுத்து ஓட ஆரம்பித்தது. அதற்குள் கீழேயிருந்து ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எழும்பி வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் சிங்காரவேலுவுக்குக் கிடைத்த இடம். அப்புறம் ஸ்டேடியத்து வாசலில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நின்றவர்களிடம் மைக்கை நீட்டினார்கள்.

மலர்விழி சிவசங்கரைக் கூப்பிட்டாள்.

"எல்லாம் ரெடியாதாங்க்கா இருந்துச்சு. கடைசி நேரத்துல தூக்கிட்டாங்க. இந்த அரை மணி நேரமும் ஸ்பான்சர் காசு குடுத்து வாங்குனதாம்."

"காலைலயாவது போடுவீங்களா?"

"நாளைக்கு ரெண்டு மேட்ச்சுக்கா. பேச்சு பூரா அதுதான் இருக்கும்."

"உங்க டிவி நாசமாப் போவ!" என்று மலர்விழி போனை வைத்தாள்.

கிளமென்ட் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நாளைக்குப் பத்து மணிப்பா," என்றாள் மலர்விழி.

"டிவியிலயே வரலயேக்கா. நான் மட்டும் தனியா போயி எப்பிடி சொல்றது?"

"டிவியில வரலேன்னா நடக்கலேன்னு ஆயிடுமா? நீதான கயித்த இழுத்த?"

தைரியநாதன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

அப்போது சிங்காரவேலுவே கூப்பிட்டான். மலர்விழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்தியா? அந்தப் பையன் காலு ஆறு வாரத்துல சரியாப் போயிடுமாம், டாக்டரு சொல்றாரு. வார்டுல அத்தினி பேரையும் உக்கார வெச்சிகினு இருக்கேன். நம்மளுது எப்ப?"

மலர்விழி போனைக் கிளமென்ட்டின் கையில் வைத்து அழுத்தினாள். "நீயே சொல்லிடு. அன்னிக்கு உம் பக்கத்துல யாருமே இல்லேன்னு நீயே அவருகிட்ட சொல்லிடு."

"அண்ணே..." என்றான் கிளமென்ட்.

"கிளமென்ட்டா! யப்பா, மூஞ்சில சாயம் பூசுனவன்லாம் பேசுறான். உம் மூஞ்சி எப்பப்பா வரும்?"

கிளமென்ட் மலர்விழியைப் பார்த்தான். பார்க்க முடியாமல் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாளைக்கு மேட்ச் முடியட்டும்ணே," என்றான்.