சிவப்புக் கயிறு கட்டுன நாலு தோங்

பெர்னார்ட் குடிய விட்டுட்டார்னு கோயில்ல எல்லாரும் என் கையப் புடிச்சுச் சந்தோஷப்பட்டாங்க. நான் மட்டும் சந்தோஷப்படல. பதினெட்டு வருஷக் கல்யாணத்துல அவர் அஞ்சு தடவ விட்டிருக்கார். அஞ்சு தடவயும் நான் பாயசம் வச்சேன். ஆறாவது தடவ, தொண்ணூத்தி ரெண்டு ஈஸ்டருக்கு மறுநாள் விட்டப்ப, அந்தப் பாயசத்த நான் வைக்கல.

அதுக்குப் பதிலா ஒரு காரியம் பண்ணேன், சொல்லவே வெக்கமா இருக்கு. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தா, செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி வாசல்லயே நிறுத்தி, "ஊதுங்க"ம்பேன். அவர் குனிஞ்சு என் மூஞ்சிக்கு நேரா "ஹா"ன்னு ஊதுவார். மோந்து பாத்துட்டு, "சரி, உள்ள வாங்க"ம்பேன். ரெண்டு வாரத்துல நான் கேக்கவே வேணாம், அவராவே குனிய ஆரம்பிச்சுட்டார். ஒரு வார்த்தை கோவமா பேசல மனுசன்.

அவருக்கு கடலுக்கு அந்தக் கரையில, புக்கிட் தெங்கா ஃபேக்டரியில ஸ்டோர் கிளார்க் வேலை. தினமும் ஃபெரியில போய் ஃபெரியில வரணும். இந்தக் கரையில எறங்கி, கார்னார்வன் தெருவுல இருக்குற எங்க வீட்டுக்கு நடந்து வர்ற வழியிலதான் தௌக்கேன்னு எல்லாரும் கூப்புடுற சீன முதலாளியோட சாராயக் கடை. முன்னெல்லாம் அந்த ஒரு மணி நேரத்த அங்கதான் கழிப்பார். இப்ப அந்த நேரத்த எங்கயாவது கொண்டுபோய்ப் போடணும் இல்லையா? சூலியா தெரு சந்துல கமால் அண்ணே மீன் கடையில போய் நின்னிருக்கார். வளக்குற மீன் விக்கிற கடை. வேடிக்கை பாத்தவர், மே மாசம் ஒரு நாள் மூணடி கண்ணாடித் தொட்டியோட வந்து எறங்குனார்.

"உப்புத் தண்ணித் தொட்டி ரோசி! கடல அப்படியே வீட்டுக்குள்ள வைக்கலாம்!"

"அடுத்த தெருவுலயே கடல் கெடக்கு. அது பத்தலையா?"ன்னேன்.

சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே என்னோட மாதா பீடத்த நகத்தி மூலையில தள்ளிட்டு, தொட்டிய அந்த எடத்துல வச்சார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஆனா அவர் சிரிச்சுப் பாத்து எவ்ளோ நாளாச்சு! வாய மூடிக்கிட்டேன்.

மொதல்ல மீன் வரல. கல்லு வந்துச்சு. உயிர்க் கல்லாம். கடலுக்கடியில கெடந்த பவளக் கல்லு, அதுமேல என்னென்னமோ பொடிப் பொடி உயிருங்க. வந்த மூணாம் நாள் அடிச்சுது பாருங்க ஒரு நாத்தம், ஐயோ! கருவாட்டுக் கடைய நடு ஹால்ல தொறந்த மாதிரி. ஒட்டியிருந்த உயிருங்கள்ல பாதி செத்து, அந்த அழுக்கத் தின்னுற கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க பெருகணுமாம். அதுங்க பெருகுனாதான் தண்ணி மீனுக்குத் தோதாகும்னு கமால் அண்ணே சொன்னாராம். ஆறு வாரம் பொறுக்கணும். ஆறு வாரமும் தெனம் ஒரு சாம்பிராணிக் கட்டி ஏத்துனேன்.

பக்கத்து வீட்டு நவமணி அக்கா யாழ்ப்பாணத்துக் குடும்பம், சுத்த சைவம். மூக்குல சேலைத் தலைப்ப வச்சுக்கிட்டு வந்து, "என்ன பிள்ளை ரோசலின், உங்கட வீட்டுக்குள்ள என்ன செத்துப்போச்சு?"ன்னு கேட்டாங்க.

"இன்னும் சாகல அக்கா, ஆனா நான்தான் செத்துருவேன் போல"ன்னேன்.

ஜூன் பாதியில மீன் வந்துச்சு. ஆரஞ்சு ஒடம்புல வெள்ளைக் கோடு போட்ட ரெண்டு கோமாளி மீனு. கூடவே கடல் சாமந்தி ஒண்ணு. பூ மாதிரி இருக்கும், ஆனா பூ இல்ல, அதுவும் ஒரு பிராணி. வெரல் வெரலா விரிச்சு ஆட்டிக்கிட்டே இருக்கும். மீன் ரெண்டும் அதுக்குள்ள போய்ப் படுத்துக்கும். மெத்தை கெடச்ச மாப்பிள்ளையும் பொண்ணும்தான், போங்க! ஏழு மணிக்கு லைட்டப் போட்டுட்டு பெர்னார்ட் அதுக்கு முன்னால உக்காந்தார்னா பத்து மணி வரைக்கும் அசைய மாட்டார். அவர் தொட்டியப் பாப்பார். நான் அடுப்படியிலேருந்து அவரப் பாப்பேன். எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. அந்த ரெண்டு மீனும் நல்லாருக்கணும்னு, திட்டிக்கிட்டே மனசுக்குள்ள நான் வேண்டாத நாள் இல்ல.

தொட்டித் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கொறையும். கமால் அண்ணே "கொறைஞ்சா ஊத்துங்க"ன்னு சொல்லியிருந்தார். தெலுக் பஹாங் மீன்காரர் ஒருத்தர் படகுல தூரமாப் போய் மொண்டு வர்ற கடல் தண்ணிய இவர் வாங்கி வந்து ஊத்துவார். அதுக்கு, சமையல் எண்ணெய் வர்ற அஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் தோங், நான் கழுவிச் சேத்து வச்சிருந்ததெல்லாம் போச்சு. எது கடல் தண்ணின்னு தெரியறதுக்கு கைப்பிடியில சிவப்பு ரஃபியாக் கயிறு கட்டி வைப்பார். தண்ணியில உப்பு எவ்ளோன்னு காட்டுற மிதக்குற கண்ணாடிக் குழாய் ஒண்ணு இருக்கு, வாங்கிக்கங்கன்னு கமால் அண்ணே சொன்னதுக்கு, "கடல்லேருந்து வர்ற தண்ணிய எதுக்கு அளக்கணும்?"னு கேட்டுட்டு வந்துட்டார். ஸ்டோர்ல ஆணி கூட எண்ணி வைக்கிற மனுசன்!

ஜூலையில ஆரம்பிச்சுது. கடல் சாமந்தி சுருங்கிப்போய் வாடுன கத்தரிக்கா மாதிரி கல்லு இடுக்குல ஒட்டிக்கிச்சு. மீன் ரெண்டும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூச்சு வாங்குது. இவரும் விடாம கடல் தண்ணிய ஊத்துறார். ஊத்த ஊத்த மோசமாகுது. சனிக்கிழமை தொட்டி முன்னால நின்னு சொன்னார், "நான் தொட்ட எதுதான் ரோசி உருப்பட்டிருக்கு?"

அந்த வசனம் எனக்கு மனப்பாடம். அஞ்சு தடவயும் அதச் சொல்லிட்டுத்தான் மறுபடி தௌக்கே கடைக்குப் போனார். மீன் செத்தா மீனோட போகாது, இவரும் போயிருவார்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

மறுநாள் புக்கிட் மெர்தாஜாம் கோயில்ல, மாதாவப் பெத்த அன்னம்மாளுக்குத் திருவிழா. வருஷா வருஷம் போய், நோவத் தீக்கும்னு சொல்ற அந்தக் கோயில் ஊத்துத் தண்ணிய மொண்டு வந்து அக்கம்பக்கம் குடுக்குறது என் வழக்கம். நவமணி அக்கா இந்துவா இருந்தாலும் அதுக்காகக் காத்திருப்பாங்க. நானும் நாலு எண்ணெய் தோங்தான் கொண்டுபோனேன். பஸ்ல ரெண்டு ரெண்டாக் கைப்பிடியில கட்டித் தூக்க வசதியா இருக்கட்டும்னு, இவரோட சிவப்பு ரஃபியா உருண்டையவும் பையில போட்டுக்கிட்டேன். கூட்டத்துல முண்டியடிச்சு முன்னால போய், "தாயே, மீனுக்காக உங்கிட்ட வந்து நிக்கிற மொத ஆளு நான்தான். சிரிக்காத, என் புருசனக் காப்பாத்து"ன்னு மெழுகுவத்தி ஏத்துனேன். அழுதுட்டேன்.

வீட்டுக்கு வந்தா பீடத்தடியில தண்ணி வைக்க எடமில்ல. மூலையில தள்ளிட்டாரே! பின்கட்டுச் சுவரோரம் வச்சேன். அங்க இவர் அன்னிக்கு வாங்கி வந்து வச்ச நாலு தோங்கும் ஏற்கனவே இருந்துச்சு. அலுப்புல நான் எதையும் யோசிக்கல, போய்ப் படுத்துட்டேன்.

செவ்வாக்கிழமை சாயங்காலம் நான் வேலை பாக்குற ஆபீஸ் விட்டு நேரா பின்பக்கமா வந்து, அங்க மிச்சமிருந்ததுல ஒரு தோங்கத் தூக்கிட்டு நவமணி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பக்தியா கையில ஏந்தி, கண்ணுல ஒத்திக்கிட்டு ஒரு வாய் குடிச்சாங்க. குடிச்சவங்க மொகம் போன போக்கப் பாக்கணும்! ஓடிப்போய் வாசல்ல துப்பிட்டு வந்தாங்க.

"பிள்ளை, அன்னம்மா தண்ணி இந்த வருஷம் உப்பாக் கிடக்கு! நான் என்ன பாவம் செய்தனானோ தெரியேல்ல!"

நான் ஒரு சொட்டு நாக்குல வச்சேன். கடலேதான். அப்பதான் தோங்கப் பாத்தேன், கைப்பிடியில கயிறு இல்ல. ரஃபியாதான் என் பையில புக்கிட் மெர்தாஜாம் போயிருச்சே, இவர் எதக் கட்டுவார்? கயிறு கட்டுன நாலும் நான் கொண்டுவந்த தோங். நேத்து திங்கக்கிழமை லீவு போட்டு, பழைய தண்ணிய நாலு தோங் அளவுக்கு எறக்கிட்டு, மெல்லிசுக் குழாய் வழியா சொட்டுச் சொட்டா புதுத் தண்ணிய ஏத்திக்கிட்டு உக்காந்திருந்தார். அடப் பாவி! கடல் மீன் தொட்டியில இருவது லிட்டர் நல்ல தண்ணி!

"அக்கா, மன்னிச்சிருங்க"ன்னுட்டு வீட்டுக்கு ஓடுனேன். ஹால் இருட்டாக் கெடக்கு. ஏழு மணியாகப் போவுது, தொட்டி லைட் போடல. வாசல்ல அவர் செருப்பு இல்ல. லைட்டப் போட்டுப் பாக்க எனக்குத் தைரியம் வரல. அதப் பாத்து என்ன ஆகப்போவுது? செத்ததப் பாத்துட்டு மனுசன் கெளம்பிட்டார், அவ்ளோதான். கொன்னது வேற யாருமில்ல, நான். என் கயிறு.

நடந்தேனா ஓடுனேனா தெரியாது. தௌக்கே கடை வாசலத் தாண்டி உள்ளயே போயிட்டேன். பதினெட்டு வருஷமா வெளிய நின்னு கூப்புட்டிருக்கேன், உள்ள போனதில்ல. ஒவ்வொரு மேசையாப் பாக்குறேன், எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. தௌக்கே எழுந்து வந்து, "பெர்னார்ட்? லாமா தாக் டாத்தாங் லா"ன்னார். ரொம்ப நாளா இந்தப் பக்கமே வரலையாம்.

"இன்னிக்கு?"

இன்னிக்கும் வரலன்னு கையை ஆட்டுனார்.

அந்தக் கடை நாற்காலியிலயே உக்காந்துட்டேன். தௌக்கே ஒரு கிளாஸ் சீனத் தேத்தண்ணி கொண்டுவந்து வச்சார். குடிச்சுட்டு எழுந்தேன். இங்க இல்லன்னா வேற ஒரே எடம்தான்.

கமால் அண்ணே கடையில, முதுகக் காட்டிக்கிட்டு நின்னு ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சு என்னமோ சொல்லிக்கிட்டிருக்கார் என் வீட்டுக்காரர்.

"செத்துப்போச்சாங்க?"ன்னு தெருவுலேருந்தே கத்துனேன்.

திரும்பினார். "செத்துச்சா? ரோசி, சாமந்தி விரிஞ்சிருச்சு! இவ்ளோ பெருசா! மீன் ரெண்டும் உள்ள போய்ப் படுத்திருக்கு. சொல்லணும்னு லைட் கூடப் போடாம ஓடியாந்துட்டேன்!"

ஒரு ஜாம் பாட்டில்ல தொட்டித் தண்ணியும் கொண்டுவந்திருந்தார். கமால் அண்ணே அதுல அந்தக் கண்ணாடிக் குழாய மிதக்கவிட்டுக் குனிஞ்சு பாத்தார். "உப்பு சரியா நிக்கிது. நீங்க சொன்ன நோவப் பாத்தா போன வாரம் ஏகத்துக்கும் ஏறியிருக்கணும் தம்பி. யாரு நல்ல தண்ணி ஊத்துனது?"

நான் சொன்னேன். கயிறு, பஸ், அன்னம்மா, நவமணி அக்கா துப்புனது, எல்லாம். பெர்னார்ட் வாயப் பொளந்துக்கிட்டு நின்னார். கமால் அண்ணே தலையில கைய வச்சுக்கிட்டார்.

"என் தப்பு தங்கச்சி. கொறைஞ்சா ஊத்துங்கன்னேன், எத ஊத்தணும்னு சொல்லாம விட்டுட்டேன். தண்ணிதான் ஆவியாப் போவும், உப்பு போவாது. போன தண்ணிக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். நீங்க உப்பு மேல உப்பா ஊத்தியிருக்கீங்க. அந்த இருவது லிட்டர் வரலேன்னா இந்த வாரம் தாங்கியிருக்காது."

கொழம்பு சுண்டுனா உப்புக் கரிக்கும், வெந்நி ஊத்தி எறக்கணும். பதினெட்டு வருஷமா அடுப்படியில நிக்கிறவளுக்கு இது தெரியாதா? ஆனா அந்தத் தொட்டிய நான் கொழம்பா நெனச்சுப் பாக்கலையே! என் தலையில நானே ஒரு குட்டு வச்சுக்கிட்டேன். அப்புறம் சிரிப்பு வந்துச்சு. மூணு பேரும் சிரிச்ச சிரிப்புக்கு எதிர்க்கடை ஆளுங்க எட்டிப் பாத்தாங்க. கண்ணாடிக் குழாய இந்தத் தடவ வாங்கிட்டுத்தான் கெளம்புனோம்.

கொஞ்ச தூரம் வந்ததும் பெர்னார்ட் சொன்னார், "அந்த நாலு தோங்ல கயிறப் பாத்தப்ப, நீதான் எனக்காக கட்டி வச்சிருக்கேன்னு நெனச்சேன் ரோசி. திட்டுனாலும் இவளுக்கும் இந்தத் தொட்டி மேல பாசம் வந்திருச்சுன்னு. அதுலதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. இல்லேன்னா நேத்தே..." முடிக்கல.

அவர் கையிலேருந்த ஜாம் பாட்டில நான் வாங்கிக்கிட்டேன்.

தெருமுனை வந்ததும், "ஆமா, நீ எதுக்கு ஃபெரிப் பக்கமிருந்து வந்த?"ன்னு கேட்டார்.

மார்க்கெட்டுக்குப் போனேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. "தௌக்கே கடைக்குப் போனேங்க. உங்களத் தேடிக்கிட்டு, உள்ளயே போயிட்டேன்"ன்னேன்.

அவர் தலையக் குனிஞ்சுக்கிட்டு நடந்தார். கோவம் இல்ல. "சரி, நீ தேடாம வேற யாரு தேடுவா"ன்னு மட்டும் சொன்னார். கோவப்பட்டிருந்தாக் கூட எனக்கு லேசா இருந்திருக்கும்.

வீட்டு வாசல்ல வழக்கம்போல செருப்போட நின்னார். வழக்கம்போல என் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு வாயத் தொறந்தார். நான் உள்ளங்கைய வச்சு அந்த வாயப் பொத்துனேன்.

"வேணாங்க. இனிமே வேணாம். உள்ள போய் லைட்டப் போடுங்க, நானும் பாக்கணும்."