கேத்ரினின் கூரையில் கப்பல் புகை

அலோசியஸ் வேலை செய்த சரக்குக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நாட்களில், அதன் புகை கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லயத்தின் வரிசை வீடொன்றில், அவன் மனைவி கேத்ரினின் அடுப்படிக் கூரை வழியாக வெளியேறியது. இது 2016 ஜூனில் தொடங்கியது. அடுப்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் புகை வந்தது. கறுப்பாக, எண்ணெய் வாடையோடு மூன்று நாட்கள் வந்து, கப்பல் புறப்பட்டதும் நின்றது. ஏழு வாரம் கழித்துக் கப்பல் திரும்பியபோது அதுவும் திரும்பியது. முதல் தடவை தீப்பிடித்ததாக நினைத்து லயத்து ஆட்கள் வாளிகளோடு ஓடி வந்தார்கள். மூன்றாவது தடவை யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு நிஷாந்தி மட்டும் கொடியிலிருந்து துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டே, "ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு போல" என்றாள்.

அலோசியஸ் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவன். கரையில் நின்றாலும் கப்பலின் விளக்குகளுக்கும் குளிர்ப்பெட்டிகளுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அவை ஓடும்வரை அவன் இறங்க முடியாது. கொழும்பிலிருந்து கொட்டகலைக்கு ரயிலில் ஒரு பகல் தூரம். அந்த ஒரு பகல் அவனுக்கு ஒன்பது மாதத்துக்கு ஒருமுறைதான் கிடைத்தது. புகை வந்த நாட்களில் கேத்ரின் வேலை விட்டு நேராக வீட்டுக்கு வந்து, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் சட்டையின் வாடை அது. கண் எரியும்வரை இருந்துவிட்டு இருமிக்கொண்டு வெளியே வருவாள். இப்படி ஆறு வருடம் போயிற்று. அதற்குள் கப்பலுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தார்கள், லயத்துக்கு ஒருமுறையும் அடிக்கவில்லை.

2022இல் ஏழாம் நம்பர் மலையின் கொழுந்தில் எண்ணெய் வாடை அடிப்பதாக ஃபெக்டரியில் கண்டுபிடித்தார்கள். லயத்துக்கு நேர் கீழே இருந்த மலை அது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சுதாகரன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏழாம் நம்பர்ல இனி கொழுந்து எடுக்க வேணாம்னு தொர சொல்லிட்டாரு. ஒங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லி அந்தப் பொகைய நிப்பாட்டச் சொல்லுங்க."

"அவரு கப்பலுக்கு அடியில வேல செய்யுறவருங்கய்யா. அவரு சொன்னா கப்பல் கேக்குமா?"

எட்டுப் பெண்களுக்கு வேலை நின்றது. நிஷாந்தி அவர்களில் ஒருத்தி. அவள் சண்டைக்கு வரவில்லை, பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் அலோசியஸிடமிருந்து அழைப்பு வந்தது. சிக்னல் மாதா கோயில் மேட்டில்தான் கிடைக்கும். கேத்ரின் அங்கே ஏறிப் போய்ப் பேசினாள். இலங்கைத் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தேயிலை நல்லதுதான், அது எந்தப் புகையில் வந்தது என்று கேட்கத் தொடங்கியிருந்தார்களாம். கப்பல் கம்பெனி மாறியே ஆக வேண்டியிருந்தது.

"கரையிலேருந்து பெரிய வயரு ஒன்ன கப்பல்ல மாட்டிட்டு எஞ்சின அணைச்சிடுவாங்களாம். அத பழகுறதுக்கு எங்க கப்பல்ல மூணு பேரு வேணும். ரெண்டு பேரு சேந்துட்டாங்க. நான் மாட்டேன்னா இந்தக் கான்ட்ராக்ட்டோட வீட்டுக்கு வந்துடலாம். வேற ஆளு கெடைக்கிற வரைக்கும் கப்பல் இப்புடியே பொகையோட ஓடும்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

வந்துடுங்க என்ற சொல் ஏழு வருடமாக அவள் வாயிலேயே இருந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் ஏழாம் நம்பர் மலை காடாக வளர்ந்து கிடப்பது தெரிந்தது. அதற்குள் நிஷாந்தி விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் அலோசியஸ் இருமினான். தன் இருமலும் அதே மாதிரி இருப்பதை அவள் கவனித்தாள்.

"சேந்துக்குங்க. பொகை நின்னா இங்க எட்டுப் பேருக்கு வேல வரும்" என்றாள். பிறகு, "லீவு கூடுதலாக் கேளுங்க" என்றாள்.

"கேக்குறேன் புள்ள."

2024 பெப்ரவரியில் கப்பல் வந்து மூன்று நாள் நின்று போனது. கூரையில் ஒன்றும் வரவில்லை. மழை ஏழாம் நம்பரைக் கழுவியது, காடான செடிகளைக் கவ்வாத்து வெட்டினார்கள், புதுக் கொழுந்தில் வாடை இல்லை, எட்டுப் பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். நிஷாந்தி ஒரு வாளி சுண்ணாம்போடு வந்து அடுப்படிச் சுவர்களை வெள்ளையாக்கினாள். கேத்ரின் மூன்று சுவருக்குத்தான் சம்மதித்தாள். நான்காவதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். வாடை நாளுக்கு நாள் குறைந்தது. கப்பல் வந்திருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் வாரங்கள் கழிந்தன.

ஓகஸ்டில் அலோசியஸ் கொழும்பிலிருந்து பேசினான்.

"நேத்து பீலியில தண்ணி புடிக்கப் போயி யாருகூட சண்ட போட்ட?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேட்டிச்சு. எஞ்சின் நின்னதும் கப்பலுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல. அந்த வயரு பக்கத்துல போனா ஒன் கொரலு வருது. குடத்த யாரு மொதல்ல வச்சான்னு கத்துன."

அப்படித்தான் கத்தியிருந்தாள். பீலித் தண்ணீர் ஓடையில் விழுந்து, தலவாக்கலை அணைக்குப் போய், அங்கே மின்சாரமாகிக் கம்பி வழியே கொழும்புக்கு இறங்குகிறது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் குரல் போவதும் கேத்ரினுக்கு விளங்காத விஷயமாக இல்லை. கம்பெனி இரண்டு தொழில்நுட்பவியலாளர்களை அனுப்பிச் சோதித்தது. மின்னழுத்தம் சரியாக உள்ளது, ஒரு பெண்ணின் குரல் உள்ளது, மொழி தமிழ் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வயரை மாற்றத் தேவையில்லை என்று முடிவாயிற்று.

அன்று முதல் கப்பல் வரும் தேதியை அலோசியஸ் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். அந்த மூன்று நாளும் கேத்ரின் வேலை விட்டுப் பீலிக்குப் போகிறாள். மற்றவர்கள் முன்னதாகவே தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நிஷாந்தியின் மகள் பரீட்சை எழுதியதை, சிறுத்தை நாயைத் தூக்கியதை, ராத்திரியில் இருமல் இல்லாமல் தூங்கியதைத் தண்ணீரை நோக்கிக் குனிந்து சொல்கிறாள். அவன் பதில் அவளுக்கு வருவதில்லை, தண்ணீர் மலையேறாது. ஆனாலும் கேள்வி கேட்டால், அவன் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு நேரம் விட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குகிறாள்.

மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட வேண்டும். வயரைக் கழற்றுவது அலோசியஸின் வேலை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் கழற்றுவதில்லை. கரையில் நிற்கிற ஆள் கையை உயர்த்துவார், அலோசியஸ் இன்னும் இல்லை என்று தலையசைப்பான், இழுவைப் படகு காத்திருக்கும். துறைமுகத்திலிருந்து விளக்கம் கேட்டு இரண்டு கடிதம் வந்தது. இப்போது துறைமுக அட்டவணையில் அந்தக் கப்பலுக்கு நேரே ஐந்து மணி பதினொரு நிமிடம் என்றே அச்சடித்திருக்கிறார்கள்.