ஜில்லுனு ஒண்ணு

"வயசு இருபத்தாறுதானா?" என்று கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டதும் ஜெகனுக்கு முறுக்கிக்கொண்டது.

"ஏன், பாத்தா கெழவன் மாரி கீறனா?"

"சர்க்கரை அப்படி இருக்குப்பா. வயிறு வேற. கூல்டிரிங்க்ஸ், சர்பத் நெறைய குடிப்பியா?"

"இவதான் குடுக்கிறா." பின்னால் நின்ற மனைவி ஷைனியைக் கட்டைவிரலால் காட்டினான்.

"என்னம்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. புருஷனுக்கு விஷம் வைக்கிறதும் இதுவும் ஒண்ணுதான்."

ஷைனி சீட்டை வாங்கிப் பையில் வைத்தாள். கல்யாணமான மறுவாரமே மாமியார் மேரி சொல்லிக்கொடுத்த வைத்தியம் அது. "எம்புள்ளைக்கு சூட்டு ஒடம்பு. அதான் கோவம். கத்திக்கினு வந்தான்னா இனிப்பா, ஜில்லுனு ஒண்ணு கைல குடு. அடங்கிடுவான்." அடங்கவும் செய்தான். கம்பெனியில் சூப்பர்வைசரோடு, பஸ்ஸில் கண்டக்டரோடு, புதுவாயல் சந்தையில் மீன்காரியோடு என்று சண்டை எங்கே நடந்தாலும் சரி, வாசலில் செருப்பு பறக்கிற சத்தம் கேட்டால் அவள் கை தானாகச் சர்பத் பாட்டிலுக்குப் போய்விடும். இரண்டு தம்ளர் உள்ளே போனால் ஆள் சாய்ந்துவிடுவான். கை தாமதித்த ஒரு நாள்தான் அவள் மணிக்கட்டு பிசகியது. கட்டோடு சர்ச்சுக்குப் போனவள் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

ஆட்டோவிலேயே ஆரம்பித்தான். "நாலு பேரு எதுர்ல அந்த டாக்டரு என்னிய சீக்காளின்றான், நீ கல்லு மாரி நிக்கிற? இன்னா திமிரு!"

வீட்டுக்குள் நுழைந்து கதவை அறைந்து சாத்தினான். "எட்தா!"

எதை என்று கேட்க வேண்டியதில்லை. ஷைனி பாட்டிலைத் தொட்டாள். கொடுத்தால் இன்றைக்கு அவள் உடம்பு தப்பும். அவன் உடம்பு? பாட்டிலை விட்டுவிட்டு, குடத்துத் தண்ணீரை மொண்டு வந்து கதவோரமாய் நின்று நீட்டினாள்.

"இன்னாடி இது?"

"தண்ணி."

"நா இன்னா மாடா?"

"சூடு இல்லய்யா அது. ஒங்கோவம். அதுக்கு ஒடம்பு மேல பழி போடாத."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அவன் தம்ளரை வாங்கவில்லை. அவளும் கையை மடக்கவில்லை. இன்னொரு கையால் முதுகுக்குப் பின்னால் துழாவிக் கதவைத் திறந்தாள். சுவரில் மோதும்வரை திறந்தாள்.

தெருக் குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழாய்க்கடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.