முப்பத்தெட்டு நாள் வருகை

"அவ கையைத் தொடாதே!"

போர்வையை ஒதுக்கப் போன டீச்சரின் கையை அண்ணி வெடுக்கென்று தட்டிவிட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெஞ்சின் மேல் டீச்சரின் அண்ணன் மகள் கிடந்தாள். பதினாலு வயது. முந்தின நாள் காலை பத்தே காலுக்கு, அட்டைப்பெட்டி கம்பெனியில் பசை காய்ச்சும் மெஷினில் கரண்ட் அடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"உன் ரெஜிஸ்டர்ல அப்ப அவ எங்க இருந்தா? சொல்லு!"

நேற்று ஒன்பதரைக்குக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே, வந்திருக்கிறாள் என்று குறித்தவள் டீச்சர்தான். முப்பத்தெட்டு நாளாக அதுதான் நடந்தது.

"வரலைன்னு ஒழுங்கா போட்டிருந்தா யாராவது தேடி வந்திருப்பாங்கல்ல? மிரட்டியாவது இழுத்துட்டுப் போயிருப்பாங்கல்ல?"

அடிப்பாவி, என்று வாய்வரை வந்தது. 'பேரை மட்டும் வெட்டிடாதே, பரீட்சைக்கு அனுப்பிடுறோம்' என்று வந்து கெஞ்சியது யாராம்? சரி, கெஞ்சியது அண்ணி. பேனா பிடித்த கை யாருடையது? வகுப்பில் ஒருவர்கூட லீவு போடுவதில்லை என்று தலைமையாசிரியர் மெச்சியபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாளே, வெட்கங்கெட்டவள். நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனி சூபர்வைசர் மலர் வளையத்தோடு வந்தான். பின்னால் பள்ளிச் சீருடையில் மூன்று பெண்கள். மூவரும் டீச்சரின் வகுப்பு. மூவரும் அதே கம்பெனியில், அதே மெஷினுக்குப் பக்கத்தில் பெட்டி ஒட்டுகிறவர்கள். போட்டு மாதக்கணக்கானதால் சட்டை தோளில் இறுக்கியது. அவர்களுக்கும் அவள் தினமும் பொய்தான் குறித்து வந்தாள். நாளைக் காலை அவர்கள் போகப்போவதும் அங்கேதான்.

நாற்காலியில், விசாரிக்க வந்த தொழிலாளர் அலுவலக அதிகாரி உட்கார்ந்திருந்தார். சூபர்வைசர் அவர் பக்கம் குனிந்தான்.

"பாருங்க சார், கூடப் படிக்கிற பிள்ளைங்க. அது நேத்து ஸ்கூலுக்கு வந்திருக்கு, ரெஜிஸ்டரே சொல்லுது. நடுவுல நழுவி, லோடு ஏத்துற அப்பாவைப் பார்க்க எங்க கம்பெனிக்குள்ள வந்திருக்கு. இதுல எங்க தப்பு என்ன?"

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். "கிளாஸ் டீச்சர் நீங்கதானே? நேத்து வந்திருந்தாளா?"

அண்ணன் அவள் முழங்கையை அழுத்திப் பிடித்தான். "வந்திருந்தான்னு சொல்லிட்டுப் போ. போனவ போயிட்டா. எனக்கும் வேலை போகணுமா?"

என்ன மனுஷன் இவன்! அவள் கையை உதறினாள்.

"வரல சார். முப்பத்தெட்டு நாளா வரல. பெட்டி ஒட்டப் போயிட்டிருந்தா. நான்தான் பொய்யா போட்டேன். எழுதிக்கோங்க."

"துக்கத்துல உளறுறாங்க சார்" என்றான் சூபர்வைசர்.

"குடியைக் கெடுத்தியேடி!" அண்ணன் கத்தினான்.

அண்ணி நிமிரவேயில்லை. "இப்பதான் உங்க அத்தை வாயைத் திறக்கிறா" என்று மகளிடம் சொன்னாள்.

அதிகாரி மளமளவென்று எழுதித் தாளை நீட்டினார். "கையெழுத்து போட்டா உங்க வேலைக்கே ஆபத்து டீச்சர். யோசிச்சுக்கோங்க."

யோசித்துக் கிழித்ததெல்லாம் போதும். கையெழுத்துப் போட்டாள்.

"இப்படிப் பொய்யா போட்டது இவ ஒருத்திக்கு மட்டும்தானா?" என்றார் அதிகாரி.

அவள் அந்த மூவர் பக்கம் திரும்பினாள். மூவரில் சின்னவள் பக்கத்தில் வந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"எங்களைச் சொல்லிடாதீங்க டீச்சர். வீட்டுல கொன்னுடுவாங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

டீச்சர் அந்தக் குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"ஏழு, பதினொண்ணு, இருபத்திரெண்டு" என்றாள் அதிகாரியிடம். "ரோல் நம்பர். இந்த மூணு பேரும்தான் சார்."

"பொய் சார்!" சின்னவள் தலைப்பை உதறினாள். "நாங்க தினமும் ஸ்கூலுக்குத்தான் போறோம்."

மூவரும் டீச்சரை விட்டு விலகிப் போய், சூபர்வைசருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.