தபால் ஆபீஸின் பின்னறை

“படத்துல இல்லாத ரூமை இருக்குன்னு நான் எப்படிம்மா எழுதறது?”

“படத்தைக் கரையான் தின்னா நான் என்ன சார் பண்ணுவேன்? ரூமைத் தின்னலையே!”

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வரைபடத்தை மறுபடி விரித்தார். முன்பக்கத்து மூன்று வளைவுகள், உயரமான கவுண்டர் கூடம், மணிக்கூண்டு எல்லாம் இருந்தன. பின்மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

தபால் ஆபீஸைப் பழையபடியே ஆக்கப்போகிறார்கள். ஆதியில் கட்டியது நிற்கும். பிற்பாடு ஒட்டவைத்தது இடிபடும். பின்மூலை அறையில்தான் ஆபீஸ் கூட்டுகிற இவள் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். விடியுமுன் கதவு திறக்க ஆள் வேண்டுமென்று பழைய போஸ்ட்மாஸ்டர் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம்.

“வெளியில சிமெண்ட் பூச்சு. புதுசாத்தான் தெரியுது.”

“அது நான் பூசினது சார், மழைத்தண்ணி இறங்குதேன்னு.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளே ஓடிக் கத்தியை எடுத்து வந்து சுவரைச் சுரண்டினாள். பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் மெல்லிய செங்கல், இடையில் சுண்ணாம்பு.

“பாருங்க, முன்பக்கத்துல இருக்கிற அதே கல்லு.”

அவர் அளந்தார். தலையாட்டினார். பேனா மட்டும் இறங்கவில்லை. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியத்தோடு மனுஷன் கிளம்பிவிடுவார்.

“உள்ள வாங்க சார், இன்னொண்ணு காட்டறேன்.”

கட்டிலில் மூச்சிரைத்துக்கொண்டிருந்த கணவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். “எந்திரிக்கலைன்னு கோச்சுக்காதீங்க சார். நான் ராஜா பரம்பரை.”

அவள் கொடியில் கிடந்த துணிகளை ஒதுக்கினாள். கொடி கட்டியிருந்தது, சுவரில் பதித்த கனத்த இரும்பு வளையத்தில். நாலடி தள்ளி, கட்டிலுக்கு மேலே இன்னொன்று.

“இப்படி இரும்பு இப்ப எவன் சார் அடிக்கிறான்?”

இன்ஜினியர் வளையத்தைத் தடவினார். மேல்பாதி தனியாகத் திறக்கும் அகலக் கதவைப் பார்த்தார். அவள் பாத்திரம் கழுவும் கல்தொட்டியைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அம்மா, இது லாயம்! தபால் வண்டிக் குதிரை ரெண்டையும் இங்கதான் கட்டியிருக்காங்க. இனிமே இதை ஒருத்தரும் இடிக்க முடியாது.”

“கேட்டியா?” என்று கணவன் பக்கம் திரும்பினாள். “நான் சொன்னேன்ல!”

“எல்லாம் பழையபடி பண்ணிடலாம்.” அவர் வேகவேகமாக எழுதிக்கொண்டே போனார். “வைக்கோல் பரப்பி, ரெண்டு மரக்குதிரை செஞ்சு நிறுத்திட்டா ஜனங்க டிக்கெட் வாங்கிப் பார்ப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க.”

கட்டிலில் மூச்சு ஒருதரம் தடுக்கி, மறுபடி ஓடியது. அவள் கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை. நகக்கண்ணெல்லாம் சிமெண்ட் தூள்.

“சார்...” குரல் இறங்கியது. “ஒரு குதிரை போதும்னு எழுதுங்களேன்.”