அண்ணன் மனையில் நின்ற வண்டி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. வெங்காயக் கொல்லையில் காதில் விழுந்தது. குன்னத்துக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தோம். கூட அரிந்துகொண்டிருந்த குஞ்சம்மாள் அக்கா சொல்லச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தாலும் ஏன் என்று யாரும் கேட்காத வேலை அது ஒன்றுதான்.

முதல் வரியை எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்தேன்.

"வண்டியைத் திருடன்தான் கொண்டுபோய்விட்டான் என்று உண்ணாமலை நினைத்தாள்."

(வேண்டாம். அடுத்த வரியிலேயே போலீஸ் வந்துவிடும்.)

"வீரமுத்து வண்டியை நிறுத்திவிட்டு"

(இதுவும் தப்பு. வீரமுத்து உண்ணாமலையின் வீட்டுக்காரர். டிரைவர் என்றதும் என் கை தானாக ஆம்பளை பேரை எழுதிவிட்டது. வண்டி ஓட்டுவது அவள்தான். அவர் காட்டு வெள்ளாமையைப் பார்த்துக்கொள்கிறார்.)

"அண்ணன் மனையில் வண்டி நிறுத்தத் தங்கச்சி யாரைக் கேட்க வேண்டும்?"

இது இருக்கட்டும். இது அவளே கேட்டது.

2

வண்டி என்றால் சின்ன லோடு வண்டி. எங்கள் பக்கம் குட்டியானை என்போம். ஊர்க்காரர்களின் வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு அன்றைக்கு அரியலூர் வந்திருந்தாள் உண்ணாமலை. மண்டி திறக்க நேரம் இருந்தது. அவளுக்குப் பல்வலி. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தை ஒட்டி, அந்த ஊரிலேயே இருக்கும் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் ராசாங்கத்துக்கு ஒரு காலி மனை உண்டு. எப்போதும்போல் அங்கே வண்டியை நிறுத்தி, மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, மாத்திரை வாங்கப் போனாள்.

திரும்பி வந்தால் வண்டி நின்ற இடத்தில் வரிசையாகக் கார்கள். மண்டபத்தில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மண்டப மேனேஜர் அறிவழகன், குட்டியானை இடைஞ்சலாக இருந்ததால் கிரேன் வைத்துத் தூக்கச் சொன்னதாகச் சொன்னார். யார் மனையிலிருந்து என்று கேட்டாள். விருந்தாளி வண்டிகள் எப்போதும் அங்கேதான் நிற்கும் என்றார். யார் மனை என்று மறுபடியும் கேட்டாள். முகூர்த்த நேரத்தில் சத்தம் போடாதே, கிரேன்காரனைப் போய்ப் பார் என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியைப் பின்தொடர்ந்து உள்ளே போய்விட்டார்.

போகிற வழியெல்லாம் வெங்காயம் சிந்திக் கிடந்ததாம். அதைப் பார்த்தபடியே நடந்து அவள் கிரேன் ஷெட்டைக் கண்டுபிடித்தாளாம்.*

*இதை நான் நம்பவில்லை. இன்றைக்கு விற்கிற விலையில் ரோட்டில் கிடக்கும் வெங்காயத்தை யாராவது விட்டுவைப்பார்களா? ஆனாலும் அந்த வரியை அடிக்க மனசு வரவில்லை.

3

கிரேன்காரன் இளவரசனைக் கெட்டவனாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். பெரிய மீசையும் கழுத்தில் தடிச் சங்கிலியும் கொடுத்தேன். ஒட்டவில்லை. உண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது அவன் வண்டி மேல் ஏறி, வெங்காயம் புழுங்கி வேர்த்துவிடக் கூடாதென்று தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தான் என்று குஞ்சம்மாள் அக்காவே சொன்னார். அப்படிப்பட்டவனுக்கு நான் எப்படி மீசை வைப்பது?

கிரேன் கூலி கேட்டான். தர மாட்டேன் என்றாள்.

"எங்கண்ணன் எடத்துலேருந்து என் வண்டியத் தூக்க நீ யாருப்பா?"

"மண்டபத்து எடம்னுதானக்கா போன்ல சொன்னாங்க. மனைக்காரரு வந்து, நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். கூலிய நான் மண்டபத்துல வாங்கிக்கிறேன். நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்க."

நியாயமான பேச்சு. சிக்கலே அதில்தான்.

'எங்கண்ணன்' என்று அதற்கு முன் அவள் வாய்விட்டுச் சொல்லி வருஷக்கணக்காகியிருந்தது. அவள் மகள் இலக்கியா பெரிய மனுஷியானபோது, முறைப்படி தாய்மாமன் வந்து, அவள் தனியாக இருக்க ஓலை வைத்துக் குச்சுக் குடிசை கட்ட வேண்டும். ராசாங்கம் வரத் தாமதமானது. நல்ல நேரம் போகிறதே என்று வீரமுத்துவின் பங்காளி ஒருவரை விட்டுக் கட்டிவிட்டார்கள். பச்சை ஓலையும் சீர்த்தட்டுமாக வந்த ராசாங்கம், தெருமுனையிலேயே குச்சைப் பார்த்தார். அப்படியே திரும்பிவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

இங்கே எனக்கு உண்ணாமலை மேல் ஒரு சந்தேகம். மண்டி வாசலிலேயே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் அந்த மனை? காசு கேட்காத இடம், அவ்வளவுதான் என்றார் குஞ்சம்மாள் அக்கா. அப்படியே எழுதிப் பார்த்தேன். ஆனால் பேச்சே இல்லாத அண்ணன் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிற மாதிரி ஒருத்தி தன் வண்டியைக் கொண்டுபோய்

(இந்த வாக்கியத்தை நான் முடித்தால் அவளுக்குக் கோபம் வரும்.)

4

நம்பரை விசாரித்து இளவரசனே போன் போட்டான். ராசாங்கம் வந்துவிட்டார். வண்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள்.

எங்கள் ஊர்களில் பேச்சு இல்லாதவர்களும் பேசிக்கொள்வார்கள். நடுவில் இன்னொருவர் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் மாட்டைப் பார்த்தோ கம்பத்தைப் பார்த்தோ பேசுவார்கள். அன்றைக்குக் கம்பம் இளவரசன்.

"தம்பி, வெங்காயம் யாருதுன்னு கேளு."

"ஊராரு வெங்காயம்னு சொல்லுப்பா. சாயங்காலத்துக்குள்ள மண்டியில எறக்கலைன்னா ஊருக்குள்ள என் வண்டிய நம்பி இனி யாரும் மூட்டை ஏத்த மாட்டாங்கன்னும் சொல்லு."

"கன்னம் ஏன் வீங்கியிருக்குன்னு கேளு."

அவள் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி இளவரசன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நீங்க சொல்லித்தான் அக்கா அங்க நிறுத்துனாங்களா? அத மட்டும் சொல்லிருங்க" என்றான்.

கொல்லையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தது இந்த இடத்தில்தான். ஆமாம் என்றால், யார் முதலில் பேசியது என்று ஊர் கேட்கும். இல்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

ராசாங்கம் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் சொல்லல. ஆனா அந்த வண்டி வந்து திரும்பட்டும்னுதான் மனையில இருந்த கருவேல முள்ளெல்லாம் வெட்டிப் போட்டேன்."

நான் அரிவதை நிறுத்தினேன். வேறு யாரும் நிறுத்தவில்லை.

இளவரசன் விடவில்லை. "முள்ளு வெட்டுனதெல்லாம் மண்டபத்துக்காரரு கணக்குல எடுப்பாரா? போன் போட்டு அவரு காதுல நேரா விழற மாதிரி வைக்கிறேன். அக்கா, நீங்க அண்ணனப் பாத்து, நிறுத்திக்கட்டுமான்னு கேளுங்க. இல்ல, ஐயா, நீங்களே நிறுத்திக்கன்னு சொல்லிருங்க. யாராவது ஒருத்தரு வாயத் தொறங்க சாமி. இதுக்கு மேல எனக்குக் கழுத்து திரும்பாது."

5

முடிவை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அவள் கூலியை விட்டெறிந்துவிட்டு வண்டியை எடுத்தாள் என்றார் ஒருவர். வீரமுத்து வந்து சமாதானம் செய்தார் என்றார் இன்னொருவர். குஞ்சம்மாள் அக்கா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கூடையை இழுத்தார்.

நானும் எழுதிப் பார்த்தேன். "அண்ணே, நிறுத்திக்கட்டுமா?" என்று அவளைக் கேட்க வைத்தேன். எழுதி முடித்ததும், குச்சு விஷயத்தில் தப்பு முழுக்க அவளுடையது என்று நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது. அடித்தேன். "நிறுத்திக்க உண்ணாமல" என்று அவரைச் சொல்ல வைத்தேன். ஓலையோடு தெருமுனையில் நின்ற மனுஷனை இன்னொரு தடவை தலைகுனிய வைத்தது போல் இருந்தது. அதையும் அடித்தேன். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பேச வைக்கலாம்தான். அப்படி எங்கே நடந்திருக்கிறது?

ஆகவே அவர்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். இளவரசன் கையில் போன். அந்தப் பக்கம் அறிவழகன், ஹலோ ஹலோ என்கிறார்.

கூடப்பிறந்தவரோடு பேசாமல் இருக்கிற ஒருவராவது இதைப் படிப்பீர்கள். முடிவை நீங்கள் எழுதுங்கள். முதல் வார்த்தையை எதிர்ப்பக்கத்து ஆள் வாயில்தான் வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வையுங்கள். வைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை, இந்தப் பக்கம் மாற்றி வைத்துப் பாருங்கள்.